கொள்ளைநோய்க் கிருமி கண்ட யேர்சன்

பிளேக்கு என்னும் கொள்ளைநோய் 1914ஆம் ஆண்டிற் கொழும்பு மாநகரிலும் புகுந்தது. அந்நோயின் கிருமியை அதற்கு இருபதாண்டுகளின் முன்னரே கண்டறிந்தவர் அலெக்சாந்தர் யேர்சன் ஆவர். அன்னாரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கமாக வரைவாம்.

யேர்சன் சுவிற்சர்லாந்து தேசத்திலே 1863ஆம் ஆண்டிற் பிறந்தார். தந்தையாரோ அவர் பிறக்குமுன்னரே காலமாயினர். பாரிஸ் நகரிற் பாஸ்ரரின் ஆய்வுகூடத்திற் பணியாற்றித் தொண்டைக்கரப்பான் பற்றிய ஆராய்ச்சியாற் பேர் பெற்றார். ஆயினும் அங்கே தங்க மனங்கொள்ளாது, 1890இற் கப்பல் வைத்தியராகி இந்தோசீனா சென்றார்.

1894ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், கொள்ளைநோய் தலைவிரித்தாடிய ஹொங்கொங்கை அவர் அடைந்தார். யப்பானியப் பேரறிஞர் கிட்டசாட்டோ சில நாள் முன்னரே அங்கு வந்து, அதிகாரிகளின் முழு ஆதரவையும் பெற்றிருந்தார். யேர்சனுக்கோ ஒரு பிரேதந்தானும் கொடுக்கப்படவில்லை. அவர் மூங்கிலும் வைக்கோலுங் கொண்டு ஒரு குடிசை அமைத்தார். பிரேதங்களை அடக்கஞ் செய்யும் மாலுமிகளுக்குக் கைக்கூலி கொடுத்துச் சவச்சாலையுட் புகுந்தார். கையூட்டை நாம் ஒருகாலும் மெச்சோம். ஆயினும் இவ்விடத்து யேர்சனைக் குறைகூறவும் மனம் வரவில்லை. சவப்பெட்டியிலிட்ட சுண்ணாம்பை விலக்கி, தொடைச்சந்தில் வீங்கிய நெறிக்கட்டியை அறுத்தெடுத்துக் குடிசைக்கு விரைந்து நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கினார். முனை மழுங்கிய சிறு கோல்வடிவக் கிருமிகள் அதில் மொய்த்துக் கிடந்தன. இறந்த எலிகளிலும் அவையே காணப்பட்டன.

கிட்டசாட்டோ முக்கியமாக இரத்தத்திலும் உள்ளுறுப்புகளிலும் தேடினார். அவருங் கிருமியைக் கண்டனரென்றே பலர் கொள்வர். எனினும் அவர் வளர்த்தவற்றில் வேறு கிருமியுங் கலந்திருந்ததென்பர். அவரிடத்தில் உடற்சூட்டளவில் வைத்து வளர்க்கும் கருவியிருந்தது. யேர்சனிடம் அஃதில்லை, இக்கிருமியோ அதனினுங் குறைந்த சூட்டிலே செழித்து வளர்வது. வறுமையும் ஒருகால் துணையாகும் போலும்!

யேர்சன் குதிரையின் குருதியிலிருந்து நோயெதிர் ஊநீர் தயாரித்து, 1896இற் கன்ரன் நகரில் ஒரு மாணவனைக் காப்பாற்றினார். மறுவருடம் பம்பாயில் அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. காலந்தாழ்த்துக் கொடுத்தவிடத்து அதன் வலி குன்றியது. இந்நோயின் மிகக் கொடிய வகைகளுள் ஒன்று கிருமி குருதியிலே பெருகும் வகையாகும். சிலருக்கு நெறி கட்டாமலே அது குருதியைப் பற்றிவிடும். அப்போது காய்ச்சலும் வாந்தியும் வயிற்றுநோவும் வேறு நோய் போலத் தோன்றி வைத்தியரை மயக்கும். தக்க மருந்தின்றேல் அந்நோயாளர் பிழைப்பது மிக அரிது. இவ்வகைக்கு யேர்சன் காலத்தில் உறுதியான பரிகாரம் இருந்ததில்லை.

பின்னாளில் அவர் ஞாதிராங்கில் இரப்பரும் கொயினா மரமும் நாட்டி, ஏழை மீனவரிடையே எளிமையாக வாழ்ந்தார். 1943ஆம் ஆண்டு பங்குனி முதலாந் திகதி அங்கேயே தேகவியோகமானார், திருமணஞ் செய்தாரல்லர். அதே ஆண்டிலே அமெரிக்காவில் ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. இக்காலத்தில், ஐயமுற்றவுடனே வைத்தியர் குருதியெடுத்துக் கிருமிவளர்ப்புக்கு அனுப்பி, முடிவு வருமுன்னரே ஸ்ரெப்ரோமைசினோ ஜென்ராமைசினோ அன்ன பிறிதொரு மருந்தோ ஏற்றத் தொடங்குவர். அக்குருதியில் அவர்கள் தேடுங் கிருமிக்கு இன்று வழங்கும் பெயர் யேர்சினியா.