வெளிச்சத்தை மருந்தாக்கிய மனுஷன்

உங்க ரூம் வடக்கு பார்த்ததா? வெயிலே எட்டிப் பார்க்காத ரூமா? அப்படின்னா இந்தக் கதை உங்களுக்குத்தான்.

1880களில் கோபன்ஹேகனில் ஒரு மெடிக்கல் ஸ்டூடண்ட் அப்படி ஒரு வடக்கு பார்த்த வீட்டில் குடியிருந்தார். ரத்தசோகை. எப்பப் பார்த்தாலும் சோர்வு. கொஞ்சம் வெயில் கிடைத்தால் சரியாகிவிடுமோ என்று அவருக்குள் ஒரு சந்தேகம். வெளியே ஒரு பூனை, நிழல் நகர நகரத் தானும் நகர்ந்து வெயிலிலேயே போய்ப் படுத்துக்கொள்வதைக் கவனித்தார் என்று சொல்வார்கள். நாமளா இருந்தா அந்தப் பூனையை ரீல்ஸ் எடுத்திருப்போம். அவர் அதற்கு ஏன் வெயில் தேவைப்படுகிறது என்று யோசித்தார்.

அவர் பெயர் நீல்ஸ் ரைபெர்க் ஃபின்சென். 1860 டிசம்பர் 15 அன்று ஃபாரோ தீவுகளில் பிறந்தார். குளிர்காலத்தில் சூரியன் சில மணி நேரம் மட்டும் முகம் காட்டிவிட்டுப் போகும் ஊர் அது. டென்மார்க்கில் அவரைச் சேர்த்த பள்ளியில், பையன் நல்லவன், ஆனால் திறமையும் சுறுசுறுப்பும் கம்மி என்று கையை விரித்துவிட்டார்கள். படிப்பை ஐஸ்லாந்தில் தொடர்ந்தார். 1882இல் மருத்துவம் படிக்க கோபன்ஹேகன் வந்தார். 1890இல் டாக்டர் ஆனார். அரியர் வச்சிருக்கிறவங்க இந்த இடத்தை ரெண்டு தடவை படிங்க!

ஆனால் படிக்கும்போதே உடம்பு மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. கல்லீரல், இதயம், மண்ணீரல் மூன்றையும் சுற்றியுள்ள திசு தடித்துக்கொண்டே போகும் நோய். வயிற்றில் நீர் கோர்க்கும், பலமுறை குத்தி எடுக்க வேண்டியிருந்தது. தனக்கு நேரம் அதிகம் இல்லை என்று ஒரு டாக்டரான அவருக்குத் தெரியாதா? 1893இல், கல்லூரியில் உடற்கூறியல் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டார். இனி வெளிச்சம் மட்டும்தான் என்று முடிவு பண்ணினார்.

அந்தக் காலத்தில் லூபஸ் வல்காரிஸ் என்று ஒரு நோய் இருந்தது. காசநோய்க் கிருமி நுரையீரலுக்குப் போகாமல் முகத்துத் தோலில் குடியேறிவிடும். மூக்கு, கன்னம் எல்லாவற்றையும் மெல்ல மெல்ல அரிக்கும். வந்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடப்பார்கள். 1895இல் ஃபின்சென் இதற்கு ஒளியைப் பிரயோகித்தார். முதல் பேஷண்ட் யார் தெரியுமா? ஒரு இன்ஜினியர்! கோபன்ஹேகன் மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். பல வருஷமாக ஆறாத புண், கார்பன் ஆர்க் விளக்கின் வெளிச்சத்தில் சில மாதங்களில் ஆறியது.

இதில் இருக்கும் இன்ஜினியரிங்கைப் பாருங்க. ஆர்க் விளக்கின் சூடு தோலைச் சுட்டுவிடும், எனவே நடுவில் தண்ணீர் வைத்துக் குளிர்வித்தார். ரத்தம் ஒளியை உறிஞ்சிவிடும், எனவே தோலை ஒரு வில்லையால் அழுத்தி ரத்தத்தை விலக்கினார். ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கத்தில் ஒரு செவிலியர் பொறுமையாக அந்த வில்லையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

1896இல் ஃபின்சென் நிறுவனம் தொடங்கியது. அடுத்த சில வருஷங்களில் 800க்கும் மேற்பட்ட லூபஸ் நோயாளிகள் சிகிச்சை பெற்றார்கள், பெரும்பாலானோர் குணமானார்கள் அல்லது தேறினார்கள். டென்மார்க்கில் பிறந்து பிரிட்டிஷ் அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட அலெக்சாண்ட்ரா, 1900இல் இந்த விளக்கை லண்டன் ஹாஸ்பிட்டலுக்குக் கொண்டு சேர்த்தார்.

1903இல் மருத்துவ நோபல் பரிசு. அதை வாங்க ஃபின்சென் போகவில்லை, போக முடியவில்லை. அப்போது அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். பரிசுப் பணத்தில் பெரும்பகுதியைத் தன் நிறுவனத்துக்கும், இதய, கல்லீரல் நோயாளிகளுக்கான ஒரு மருத்துவமனைக்கும் கொடுத்துவிட்டார். தினமும் சாப்பாட்டை எடை போட்டு, தன் உடம்பையே ஒரு சோதனைக்கூடமாக்கி, உடலில் உப்பு சேர்வதைப் பற்றிக் கடைசி ஆய்வை எழுதினார். 1904 செப்டம்பர் 24 அன்று இறந்தபோது வயது 43. எத்தனையோ பேர் முகத்தை மீட்டுக் கொடுத்த வெளிச்சம் அவருடைய நோயை ஒன்றுமே செய்யவில்லை.

கதை இதோட முடியலை. ஒளி ஏன் குணமாக்கியது? புற ஊதாக் கதிர் கிருமியைக் கொல்கிறது என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். 2005இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அவருடைய பழைய லென்ஸ்களையே சோதித்தார்கள். 340 நானோமீட்டருக்குக் கீழே உள்ள கதிர்களை அவை உள்ளே விடவே இல்லை! கிருமிக்குள் இருக்கும் போர்ஃபிரின் என்ற பொருள் மீதி ஒளியை உறிஞ்சி, வீரியமான ஆக்சிஜனை உருவாக்கி, கிருமியை அழித்திருக்கலாம் என்கிறார்கள்.

அது ஒரு வகையில் நல்லதாப் போச்சு. ஏன்னா அந்தக் குறுகிய அலைகளுக்கு இன்னொரு முகம் இருக்கு. 1970களில் அமெரிக்காவில் மார்கரெட் கிரிப்கே எலிகளை வைத்து அதைக் கண்டுபிடித்தார். புற ஊதாக் கதிரால் உண்டான தோல் புற்றுக்கட்டியைச் சாதாரண எலிக்கு மாற்றி வைத்தால், அதன் எதிர்ப்பு சக்தி கட்டியை ஒழித்துவிடும். அதே கட்டியைப் புற ஊதாக் கதிர் பட்ட எலிக்கு வைத்தால் வளரும். அதாவது கதிர் செல்லின் டிஎன்ஏவையும் கெடுக்கிறது, கெட்டதைப் பிடிக்க வேண்டிய காவல்காரனையும் தூங்க வைக்கிறது. தோலில் காவலுக்கு நிற்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் குறைகின்றன, எதிர்ப்பை அடக்கும் டி செல்கள் கிளம்புகின்றன. வெயிலில் அலைந்து வந்ததும் சிலருக்கு உதட்டில் அக்கி போடுவதும் இதனால்தான். இதே அடக்கத்தைச் சாதகமாக்கி, சொரியாசிஸ் நோய்க்கு இன்றைக்கும் அளந்த புற ஊதா ஒளியை டாக்டர்கள் கொடுக்கிறார்கள்.

1940களுக்குப் பிறகு காசநோய்க்கு மருந்துகள் வந்தன, ஃபின்செனின் விளக்குகள் மியூசியத்துக்குப் போய்விட்டன. ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்னும் லேபில்தான் இருக்கு: எந்த அலைநீளம், எவ்வளவு நேரம், யாருக்கு?

நாளைக்குக் காலையில் கொஞ்ச நேரம் வெளியே வந்து நில்லுங்க. உச்சி வெயிலில் மட்டும் நிழல் தேடுங்க. வழியில் வெயில் காயும் பூனை ஏதாவது தென்பட்டால், ஒரு நிமிஷம் நின்று பார்த்துட்டுப் போங்க.