கிரகணத்தைத் தேடிக் கடல் கடந்தவர்

பாரிஸ் நகரில் 1824ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் பிறந்த பியர் ஜூல் ஜான்சென் என்னும் வானியல் அறிஞர், இளமையில் பள்ளிக்கூடம் சென்று பயின்றவர் அல்லர். குழந்தைப் பருவத்தில் செவிலியின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்தொன்றில் அவருடைய கால் ஊனமுற்றது. வாழ்நாள் முழுவதும் அவர் காலைச் சாய்த்தே நடந்தார். தந்தையார் இசைக்கலைஞர். குடும்பத்தில் பணமுடை ஏற்படவே, 1840இல் ஒரு வங்கியில் பணிக்குச் சேர்ந்த ஜான்சென், எட்டு ஆண்டுகள் அங்கே கணக்குப் புத்தகங்களுக்கிடையே காலம் கழித்தார். ஓய்வு நேரத்தில் தாமே பயின்று, கல்லூரியில் சேர்வதற்குரிய தேர்வில் 1849இல் வெற்றி பெற்றபோது அவருக்கு வயது 25. அறிவியற் பட்டம் 1852இல் கிட்டியது. முனைவர் பட்டம் 1860இல். இடையில் ஆசிரியப் பணியும் ஆற்றினார். இருபத்தைந்து வயதுக்குமேல் தேர்வெழுதக் கூச்சப்படும் நம் இளைஞர் சிலரை யான் அறிவேன். அவர்கள் பொருட்டே இவ்வாண்டுகளைச் சற்று விரிவாகக் குறித்தேன்.

சூரியனின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தினால் அது வண்ணப் பட்டையாக விரியும். அப்பட்டையில் காணப்படும் கோடுகளைக் கொண்டு, கோடிக்கணக்கான கல் தொலைவிலுள்ள சூரியனில் என்னென்ன பொருள்கள் உள்ளன எனக் கண்டறியும் கலை அக்காலத்தில்தான் பிறந்திருந்தது. ஜான்சென் அதனையே தம் துறையாகக் கொண்டார்.

முழுச் சூரிய கிரகணத்தின்போது, மறைந்த சூரியனின் விளிம்பில் செந்நிறத் தீநாக்குகள் தோன்றுவதை முன்னரே பலர் கண்டிருந்தனர். அவை எவை என்பதுதான் விளங்கவில்லை. முழு மறைப்பு ஓரிடத்தில் சில நிமிடங்களே நீடிக்கும். மிக நீண்டதும் ஏழரை நிமிடத்தை எட்டாது. நிலவின் நிழல் ஒரு குறுகிய பாதையில் ஓடி மறையும். அப்பாதை எந்நாட்டில் விழுகிறதோ, அந்நாட்டிற்கு ஆராய்ச்சியாளன் தன் கருவிகளைச் சுமந்து செல்ல வேண்டும். 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் அப்பாதை நம் நாட்டின்மீது விழுந்தது.

சூயஸ் கால்வாய் இன்னும் திறக்கப்படாத காலம் அது. ஜான்சென் கப்பலேறிச் சென்னை வழியாக, அப்போது சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த குண்டூரை அடைந்தார். அங்கிருந்த பிரெஞ்சு வணிகர் ஒருவரின் இல்லமே அவருக்கு ஆய்வுக்கூடமாயிற்று. மழைக்காலமாயினும் அன்று வானம் வழிவிட்டது. சூரியன் மறைந்ததும் தீநாக்குகளின் நிறமாலையில் ஒளிமிக்க கோடுகள் பளிச்சிட்டன. அவை ஒளிரும் வாயுக்கள் என்பதும், அவற்றுள் ஹைட்ரஜன் முதன்மையானது என்பதும் தெளிவாயின.

பிறர் அத்துடன் கருவிகளைக் கட்டியிருப்பர். ஜான்சென் மட்டும் வேறொன்றை எண்ணினார். இத்துணை ஒளிமிக்க கோடுகளைக் காண்பதற்குக் கிரகணம் எதற்கு? தோசை மாவைக் கல்லில் எவ்வளவு பரப்புகிறோமோ அவ்வளவு மெல்லியதாகும் அல்லவா? அதுபோலவே வானத்தின் பகலொளியை முப்பட்டகம் நெடுக விரித்து மங்கச் செய்யும். தீநாக்கின் ஒளியோ சில கோடுகளில் மட்டும் குவிந்திருப்பதால் மங்குவதில்லை. மறுநாள் 19ஆம் தேதி காலை, முழு வெயிலில் கருவியைச் சூரியனின் விளிம்புக்குத் திருப்பினார். கோடுகள் தெரிந்தன! சில நிமிடங்களில் மட்டும் காண முடிந்ததை இனி எந்நாளும் காணலாம் என்றாயிற்று.

இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் என்பவரும் இம்முறையைத் தாமாகவே சிந்தித்து, அதே ஆண்டு அக்டோபரில் கண்டறிந்தார். இருவர் செய்தியும் பிரெஞ்சு அறிவியற் கழகத்தை ஒரே நாளில் வந்தடைந்தன. யார் முந்தியவர் என்ற பூசல் எழவில்லை. இருவர் உருவையும் ஒருங்கே பொறித்த பதக்கத்தைப் பிரெஞ்சு அரசு 1872இல் வெளியிட்டது. ஜான்சென் குண்டூரில் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார் என்று பல நூல்கள் எழுதுகின்றன. மாணவர்க்கு யானும் அவ்வாறே பல்லாண்டு கற்பித்து வந்தேன். அது சரியன்று. அக்கிரகணத்தில் மஞ்சள் கோட்டைக் கண்டோர் பலர். அது புதியதொரு தனிமத்தின் கோடு என்ற கருத்து லாக்கியரின் ஆய்வினின்றே வளர்ந்தது. ஹீலியம் புவியில் அகப்பட்டது 1895இல்தான். மறுநாட்காலை கண்ட வழியொன்றே ஜான்சென் புகழுக்குப் போதும்.

தீநாக்குகளைப் பகலிலேயே காணலாம் என்றான பின்னரும் அவர் கிரகணங்களைத் தேடி அலைந்தது ஏன்? சூரியனைச் சூழ்ந்த கரோனா என்னும் ஒளிமகுடம் மிக மங்கலானது. அந்நாளில் அது முழு மறைப்பின்போதன்றிப் புலப்படாது. கிரகணம் ஒன்று 1870 டிசம்பர் 22ஆம் நாள் அல்ஜீரியாவில் தெரிய இருந்தது. ஆனால் அப்போது பாரிஸ் நகரைப் பிரஷ்யப் படை முற்றுகையிட்டிருந்தது. ஒருவரும் வெளியேற இயலாது. டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன், பிரித்து மூட்டையாகக் கட்டிய தொலைநோக்கியுடன், ‘வோல்டா’ என்னும் பலூனில் ஜான்சென் ஏறினார். உடன் வந்தவர் ஒரு மாலுமி. கால் ஊனமுற்ற அந்த 46 வயது ஆசிரியர், பகைவரின் துப்பாக்கிகளுக்கு மேலே பறந்து, அட்லாண்டிக் கடலோரத்துக்கு அண்மையில் தரையிறங்கி, அங்கிருந்து அல்ஜீரியாவின் ஓரான் நகருக்கு உரிய நாளுக்கு முன்னரே சென்று சேர்ந்தார்.

கிரகண நாளன்று ஓரானில் மேகம் மூடிக்கொண்டது. அவரால் எதையும் காண இயலவில்லை.

மறு ஆண்டே அவர் மீண்டும் கடல் கடந்தார். இம்முறை நிழற்பாதை நம் தமிழகத்தின் வழியே சென்றது. மேகத்தின் தொல்லையினின்று விலகி நிற்க உயர்ந்த இடம் நாடி, நீலகிரியில் சோலூர் என்னும் சிற்றூரைத் தேர்ந்தார். 1871 டிசம்பர் 12ஆம் நாள் காலை, தெளிந்த மலைவானில் ஒளிமகுடம் அவர் கண்முன் விரிந்தது. அதன் நிறமாலையில் ஹைட்ரஜனின் கோடுகளைக் கண்டார். சூரிய ஒளிக்கே உரிய கருங்கோடுகள் சிலவும் அதில் மெல்லிதாகத் தென்பட்டன. எனவே மகுடத்தின் ஒளியில் ஒரு பகுதி, சூரியனின் ஒளியே பட்டுத் திரும்பி வருவது என்று உணர்ந்தார். ஒரானில் இழந்ததை நம் நீலகிரி அவருக்கு அளித்தது எனலாம்.

இவ்விடத்தில் என் சிறு வயது நினைவு ஒன்று. 1980 பிப்ரவரி 16ஆம் நாள் கிரகணத்தன்று எங்கள் தெருவில் எல்லாக் கதவுகளும் அடைபட்டன. தாம்பாளத்து நீரில் உலக்கையை நிறுத்தினார்கள். கருவுற்ற பெண்களை இருட்டறையில் அமர்த்தினார்கள். யானும் உள்ளேதான் கிடந்தேன். 2019 டிசம்பர் 26 அன்று, விடுமுறை நாளாயினும், மாணவரைப் பள்ளித் திடலுக்கு அழைத்து, உரிய கண்ணாடி கொடுத்து வளையக் கிரகணத்தைக் காட்டிய பின்பே என் மனம் ஆறியது.

சூரியனை வெள்ளி கடப்பதைக் காண 1874இல் ஜான்சென் ஜப்பானின் நாகசாகிக்குச் சென்றார். அதற்கென அவர் அமைத்த, அடுத்தடுத்துப் படமெடுக்கும் கருவி திரைப்படக் கருவியின் முன்னோடிகளுள் ஒன்று. பின்னர் மூதோன் நகரில் வானாய்வுக்கூடம் நிறுவினார். 1883இல் பசிபிக் பெருங்கடலின் கரோலின் தீவுக்கும் கிரகணம் காணச் சென்றார். மோன்பிளான் மலையுச்சியிலும் ஆய்வுக்கூடம் அமைக்க விரும்பினார். நடந்தேற இயலாமையால், வழிகாட்டிகள் பனியில் வண்டியிலிட்டு இழுத்துச் செல்லச் சிகரம் சேர்ந்தார். அக்கூடம் எழுந்த 1893இல் அவருக்கு வயது 69.

1905 ஆகஸ்டு 30ஆம் நாள் ஸ்பெயினில் முழுக் கிரகணம். 81 வயது முதியவர் அதற்கும் பயணம் புறப்பட்டார். இரண்டாண்டுகள் கழித்து, 1907 டிசம்பர் 23ஆம் நாள் மூதோனில் காலமானார்.