அகராதிக்குள்ளே ஒரு வாத்தியார்

கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கிட்டா நம்ம ஹாஸ்டலில் ஆளுக்கொரு வேர்ட் லிஸ்ட்டோட திரிவோம். நானும் திரிஞ்சவன்தான். முந்நூறு வார்த்தை மனப்பாடம் பண்ணிட்டு மாக் குரூப் டிஸ்கஷனில் போய் உட்கார்ந்து, முதல் வாக்கியத்திலேயே "லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட்" என்று ஆரம்பிச்சேன். எதிரே இருந்த சார் பேனாவைக் கீழே வெச்சார். டிஸ்கஸுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அதுக்குப் பின்னாடி 'அபவுட்' வராதுன்னுதான் தெரியலை.

இந்த ஒரு சிக்கலுக்காகவே வாழ்க்கையில் பெரும்பகுதியைச் செலவழிச்ச மனுஷர் ஒருத்தர் இருந்தார். உங்க அலமாரியில் ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியின் பழைய பதிப்பு இருந்தா எடுத்துப் பாருங்க. ஏ. எஸ். ஹார்ன்பி என்று பேர் போட்டிருக்கும். ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி, 1898இல் இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்தவர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆங்கிலம் படிச்சார். 1924இல் ஜப்பானுக்கு வேலைக்குப் போனார். கியூஷூ தீவில் ஓயிட்டா என்கிற ஊரில் ஒரு வணிகக் கல்லூரி. இலக்கியம் நடத்தத்தான் கூப்பிட்டிருந்தாங்க.

வகுப்புக்குப் போனதும்தான் நிலவரம் புரிஞ்சது. பசங்களுக்கு இலக்கியத்தைவிட, தப்பில்லாம நாலு வாக்கியம் அமைக்கக் கத்துக்கறதுதான் அவசரத் தேவை. அவங்க கையில் அகராதி இல்லாமல் இல்லை. ஆனா அன்றைய ஆங்கில அகராதிகள் ஆங்கிலம் ஏற்கெனவே தெரிஞ்சவங்களுக்காக எழுதப்பட்டவை. சொல்லின் பொருள் இருக்கும், பிறப்பு வரலாறு இருக்கும். அதை வாக்கியத்தில் எப்படி உட்கார வைக்கணும் என்பது இருக்காது.

இங்கே கொஞ்சம் நம்ம தமிழுக்கு வாங்க. வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் தமிழ் கத்துக்கறார்னு வெச்சுக்குங்க. 'பசி' தெரியும், 'பிடிக்கும்' தெரியும். உடனே "நான் பசிக்கிறேன்", "நான் இட்லி பிடிக்கும்" என்பார். நாம சிரிப்போம். ஏன் தப்புன்னு கேட்டா முழிப்போம். 'சாப்பிடு' என்ற வினைக்கு 'நான்' போதும். 'பிடிக்கும்' என்ற வினையோ 'எனக்கு' கேட்கும். ஒவ்வொரு வினைக்கும் தன்னைச் சுற்றி இன்னின்னது வரணும் என்று ஒரு கணக்கு இருக்கு. தாய்மொழியில் அது யாரும் சொல்லாமலே வந்துடும். அந்நிய மொழியில் வராது.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். 'டெல் மீ தி ஆன்ஸர்' சரி. 'எக்ஸ்பிளெய்ன் மீ தி ஆன்ஸர்' தப்பு, நடுவில் 'டு' வேணும். 'ஹி ஃபோர்ஸ்ட் மீ டு ரைட்' சரி. அதே அர்த்தத்தில் 'ஹி மேட் மீ டு ரைட்' தப்பு, இங்கே 'டு' கூடாது. பார்த்தீங்களா? பொருளில் ஒட்டி நிற்கிற இரண்டு வினைகள், அமைப்பில் வேற வேற. தெரிஞ்ச ஒண்ணை வெச்சுத் தெரியாத ஒண்ணை ஊகிக்கிற பிள்ளைதான் இங்கே மாட்டிக்கும். சோம்பேறி மாட்டாது, அதான் வேடிக்கை.

அப்போ டோக்கியோவில் ஹெரால்டு பால்மர் என்ற இன்னொரு ஆங்கிலேயர் ஆங்கிலம் கற்பித்தலுக்காக ஓர் ஆய்வு நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தார். எந்தச் சொல்லை முதலில் கற்றுத்தருவது, எந்தச் சொல் எதோடு சேர்ந்து வரும் என்றெல்லாம் பட்டியல் போட்டவர். ஹார்ன்பி ஓயிட்டாவில் இருந்தபடியே அந்த வேலையில் கலந்துகொண்டார். 1930களில் டோக்கியோவுக்கே போய்விட்டார். 1936இல் பால்மர் ஊர் திரும்பிய பிறகு, ஆய்வுப் பொறுப்பு ஹார்ன்பி தலையில்.

அதுக்கு அடுத்த வருஷங்களில்தான் அந்த அகராதி வேலை. கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்ற இரண்டு சக ஆசிரியர்கள் கூட இருந்தாங்க. வினைகளின் அமைப்பை 25 வகையாகப் பிரிச்சு, எண் போட்டு, ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுத்தாங்க. பெயர்ச்சொல் எண்ணக்கூடியதா, எண்ண முடியாததா என்றும் குறி போட்டாங்க. (பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'ஈக்விப்மென்ட்ஸ்' என்று எழுதற நாம எல்லாரும் அந்தக் குறியைப் பார்க்காதவங்கதான்.) நம்ம பாஷையில் சொன்னா, ஹார்ன்பி செஞ்சது ஒரு டேட்டாஷீட். ஐசி என்ன வேலை செய்யும்னு தெரிஞ்சா மட்டும் போதாது, எந்தப் பின்னில் எதைக் கொடுக்கணும்னும் தெரியணும் இல்லையா? ஆங்கில வினைகளுக்கு அவர் பின் டயகிராம் போட்டார்.

1941 டிசம்பரில் போர் வெடிச்சது. பிரிட்டிஷ்காரரான ஹார்ன்பி ஜப்பானில் எதிரி நாட்டவர் ஆகிட்டார். காவலில் வைக்கப்பட்டார். 1942இல் கைதிகள் பரிமாற்றத்தில்தான் வெளியே வர முடிஞ்சது. அவர் அகராதியோ அதே 1942இல், அதே டோக்கியோவில், கைதாக்ஷா என்ற ஜப்பானியப் பதிப்பகம் வழியாக வெளியானது. இரண்டு நாடும் சண்டை போட்டுக்கிட்டிருந்த வருஷத்தில், ஒரு நாட்டின் மொழிக்கு இன்னொரு நாடு அச்சடிச்ச அகராதி! எனக்கு இந்த இடம்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருது.

ஹார்ன்பி அங்கேயிருந்து பிரிட்டிஷ் கவுன்சில் ஆளாக ஈரானுக்குப் போனார், டெஹ்ரானில் பாடம் நடத்தினார். போர் முடிஞ்சு லண்டன் வந்து 1946இல் ஆங்கில ஆசிரியர்களுக்காக ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். அது இன்னும் வருது. ஜப்பானில் அச்சான அகராதியை ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பகம் 1948இல் அப்படியே படமெடுத்து மறுபதிப்பு போட்டது. 'அட்வான்ஸ்டு' என்ற சொல் பேரில் சேர்ந்தது 1952இல்.

எல்லாமே பிரமாதம்னு சொல்ல மாட்டேன். 1974இல் மூன்றாம் பதிப்பு வந்தப்போ அந்த எண்களோட எழுத்துகளும் சேர்ந்து, முன்பக்க அட்டவணையைத் திருப்பிப் பார்க்காமல் புரியாத அளவுக்கு ஆகிப்போச்சு. எத்தனை மாணவர்கள் திருப்பிப் பார்த்திருப்பாங்க? பிற்காலப் பதிப்புகளில் அந்தக் குறியீடுகள் போய், அமைப்பையே எடுத்துக்காட்டுக்கு முன்னாடி தடித்த எழுத்தில் எழுதிக் காட்டறாங்க. அதுதான் சரின்னு எனக்குப் படுது. இருந்தாலும் அங்கே எழுதப்படுகிற விஷயம் ஹார்ன்பி தேடினதேதான். உங்க மொபைல் டிக்‌ஷனரியில் 'எக்ஸ்பிளெய்ன்' போட்டுப் பாருங்க, அர்த்தத்தைத் தாண்டிக் கொஞ்சம் கீழே இறங்குங்க. நாம் எப்பவும் ஸ்க்ரோல் பண்ணாமல் மூடிடற இடத்தில் அது இருக்கும்.

அகராதி நல்லா வித்தது. அந்த வருமானத்தில் பெரும்பங்கை 1961இல் ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வெச்சார். வெளிநாடுகளில் ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர்கள் பிரிட்டனுக்கு வந்து மேலே படிக்க உதவித்தொகை. நம்மை மாதிரிப் பிள்ளைகள் புத்தகம் வாங்கின காசு, அந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கே போகுது. ஹார்ன்பி 1978 செப்டம்பரில், 80 வயதில் காலமானார். அறக்கட்டளை இன்னமும் ஆசிரியர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது.