தோடியில் மயங்கிய மவுலானா சாகிப்!

நாதசுரம் என்றதும் தஞ்சாவூர் ஜில்லாவைத்தான் சொல்வார்கள். அந்தத் தஞ்சாவூர் வாசிப்பில் பெரும் புகழ் பெற்றவர் ஒருவர். அவர் காவிரிக்கரையில் பிறந்தவர் அல்ல. ஆந்திராவில் பிறந்த முஸ்லிம்! அவர்தான் ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மவுலானா சாகிப்.

1924-ம் ஆண்டு, ஓங்கோலுக்குப் பக்கத்தில் உள்ள கரவதி கிராமத்தில் பிறந்தார். ஆந்திராவில் முஸ்லிம் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாகக் கோவில்களில் நாதசுரம் வாசித்து வந்தன. அவர் குடும்பமும் அப்படித்தான். முதலில் தந்தை காசிம் சாகிப் கற்றுக் கொடுத்தார். பிறகு சிலகலூரிப்பேட்டை ஆதம் சாகிப்பிடம் பயிற்சி. வாசிப்பு கைவந்தது. பெயரும் கிடைத்தது.

காதில் விழுந்த நாதம்

அப்போது தென்னாட்டையே தன் நாதசுரத்தால் கட்டிப்போட்டிருந்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவருடைய தோடி ராக இசைத்தட்டு சுழலாத ஊர் இல்லை. அந்த வாசிப்பில் மவுலானா சாகிப் சொக்கிப் போனார்.

கேட்டு மகிழ்ந்ததோடு நின்றிருக்கலாம். தொழில் தெரிந்தவர்; கச்சேரிக்கும் குறைவில்லை. மறுபடியும் மாணவனாக உட்கார யாருக்கு மனம் வரும்? அவருக்கு வந்தது! கும்பகோணத்துக்கு அருகே உள்ள நாச்சியார்கோவிலுக்கு வந்தார். ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர் பாணியைக் கற்றார்.

அந்தப் பாணியின் உயிர் ராக ஆலாபனை. அதில் பாட்டு இல்லை, தாளமும் இல்லை. ஒரு ராகத்தை மெல்லத் தொட்டு, படிப்படியாக மேலே கொண்டுபோய், மறுபடியும் கீழே இறக்கிக் கொண்டுவர வேண்டும். ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் சுரம் வந்துவிடும். நாதசுரத்தில் அப்படி இல்லை. மூச்சு, சீவாளியைப் பிடிக்கும் உதடு, துளையை மூடும் விரல் மூன்றும் ஒன்றுபட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் சுருதி விலகிவிடும். மவுலானா சாகிப்பின் வாசிப்பில் சுருதி சுத்தமாக நிற்கும். ஒருவர் வாய்விட்டுப் பாடுவது போலவே இருக்கும்.

எப்படிக் கேட்பது?

கல்யாண வீட்டில் நாயனம் ஒலிக்கும்போது நாம் பந்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். கெட்டிமேளம் கொட்டும்போதுதான் திரும்பிப் பார்க்கிறோம்! நாதசுரத்தைக் கேட்கப் பெரிய சங்கீத ஞானம் வேண்டும் என்பதில்லை. ராகம் வாசிக்கும்போது ஒரே ஒரு சுரத்தை அவர் எவ்வளவு நேரம் நிறுத்துகிறார், எங்கே வளைக்கிறார் என்று கவனித்தால் போதும். கீர்த்தனை தொடங்கியதும் தவில் சேர்ந்துகொள்ளும். அப்போது கை தானாகவே தாளம் போடும். சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரிக்குச் சொற்களே கிடையாது. ஆனால் தெருக்கோடியில் கேட்டதுமே, சுவாமி புறப்பட்டுவிட்டார் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

ஸ்ரீரங்க வாசம்

1960-களில் அவர் ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். அரங்கநாதர் மீது அவருக்கு அளவற்ற பக்தி. அதற்காகத் தம் மதத்தை விட்டுவிடவும் இல்லை. இரண்டுக்கும் இடையே அவர் சங்கடம் எதையும் காணவில்லை. ரசிகர்களும் காணவில்லை.

1977-ல் மத்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1998-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது. நாதசுரக்காரர்களை அந்தப் பட்டம் எட்டிப் பார்த்தது அபூர்வம். அவருக்கும் எழுபது வயதைத் தாண்டித்தான் வந்தது. இது தாமதம் என்றே சொல்ல வேண்டும்.

பட்டத்தை விட அவர் பெரிதாக நினைத்தது வேறொன்று. 1982-ல் ஸ்ரீரங்கத்தில் சாரதா நாதசுர சங்கீத ஆசிரமத்தைத் தொடங்கினார். தாம் ஊர் விட்டு ஊர் வந்து தேடிக் கற்றதை, அங்கே இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

1999-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் மவுலானா சாகிப் காலமானார். அவருடைய பேரர்கள் காசிமும் பாபுவும் அவரிடமே பாடம் கேட்டவர்கள். தாத்தாவுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து மேடையேறி, அதே தஞ்சாவூர் பாணியில் வாசித்தார்கள்.