ஆர்புவா திராட்சைத் தோட்டமும் லூயி பாஸ்டியரும்

1878-ம் ஆண்டு. அக்டோபர் மாதம். பிரான்ஸ் நாட்டின் கிழக்குப் பகுதியிலிருந்து ஒரு ரெயில் பாரிஸ் நகரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அந்த ரெயிலில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். இருவர் கையிலும் திராட்சைக் கொடிகள். கொடிகளில் பழக்குலைகள். ஒவ்வொரு குலையும் பஞ்சினால் பொதியப்பட்டிருந்தது. கொடி சாயக் கூடாது. பஞ்சு விலகக் கூடாது. அதனால் வழி நெடுக அவற்றை நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்கள்.

அவர்களோடு ஒரு பெரியவரும் வந்தார். அவருக்கு வயது 55. இடது கையும் இடது காலும் அவருக்குச் சரியாக இயங்காது. அவர்தான் லூயி பாஸ்டியர். உலகம் போற்றும் விஞ்ஞானி. அந்த அம்மாள் அவருடைய மனைவி மரி.

சில குலை திராட்சைக்கு இத்தனை காவல் எதற்கு? அதைத் தெரிந்துகொள்ள, அந்தத் திராட்சை விளைந்த ஊருக்குப் போக வேண்டும்.

சின்னஞ்சிறு ஊர்

அந்த ஊரின் பெயர் ஆர்புவா. ஜூரா மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. ஊரின் நடுவே குயிசான்ஸ் என்ற சிற்றாறு ஓடுகிறது. சுற்றிலும் சரிவுகள். சரிவுகள் எல்லாம் திராட்சைத் தோட்டங்கள்.

அங்கே குளிர் அதிகம். மண்ணோ, சுண்ணாம்பு கலந்த களிமண். சில இடங்களில் சரளைக் கல் கலந்திருக்கும். களிமண்ணில் பூல்சார் என்ற திராட்சை நன்றாக வரும். அதன் தோல் மிக மெல்லியது. அதனால் அதிலிருந்து எடுக்கும் மதுவின் சிவப்பும் வெளிறியே இருக்கும். சரளை கலந்த, வெயில் படும் சரிவில் துரூசோ என்ற திராட்சை வரும். அதன் மது நிறமும் காரமும் கூடியது.

இதே கொடியை வேறு ஊரில் நட்டால் இதே சுவை கிடைக்காது. மண், சரிவு, வெயில், குளிர், அந்த ஊர் உழவரின் பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் சுவை. இதைப் பிரெஞ்சுக்காரர்கள் தெருவார் என்று ஒரே சொல்லில் சொல்வார்கள். நாம் மண்வாகு என்று சொல்லலாம்.

ஆர்புவா மக்களுக்கு அந்தச் சரிவுகளே சோறு போட்டன.

தோல் பதனிடுபவர் மகன்

லூயி பாஸ்டியர் 1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி டோல் என்ற ஊரில் பிறந்தார். தந்தை நெப்போலியனின் படையில் போர் புரிந்தவர். பிறகு தோல் பதனிடும் தொழில் செய்தார். லூயி சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ஆர்புவாவுக்குக் குடியேறியது. ஆற்றங்கரையில் வீடு. வீட்டோடு தோல் பதனிடும் தொட்டிகள்.

லூயிக்கு 8 வயதிருக்கும். வெறி பிடித்த ஓநாய் ஒன்று அந்த வட்டாரத்தில் புகுந்து பலரைக் கடித்தது. கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தில் சூடு போட்டார்கள். அன்று வேறு வைத்தியம் இல்லை. அந்த அலறல் சிறுவனின் மனதில் பதிந்துவிட்டது.

லூயி நன்றாகப் படம் வரைவான். 13 வயதில் தன் தாயின் உருவத்தை வண்ணத்தில் தீட்டினான். படிப்பில் ஆரம்பத்தில் சுமார்தான். 15 வயதில் பாரிஸுக்கு அனுப்பினார்கள். அங்கே அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுத் தோல் தொட்டியின் வாடைக்குக்கூட அவன் ஏங்கினான். சில வாரங்களில் தந்தை போய்த் திரும்ப அழைத்து வந்தார்.

ஆனால் அவன் தளர்ந்துவிடவில்லை. மறுபடியும் படித்தான். பாரிஸில் பெரிய கல்லூரியில் சேர்ந்தான். ரசாயனப் பேராசிரியர் ஆனான்.

கெட்டுப்போன மது

திராட்சைச் சாறு எப்படி மதுவாகிறது? அது தானாகவே நடக்கும் ரசாயன மாற்றம் என்று அக்காலத்துப் பேரறிஞர்கள் பலர் நம்பினார்கள். பாஸ்டியர் அதை மறுத்தார். ஈஸ்ட் என்ற உயிருள்ள நுண்கிருமியே சாற்றைப் பொங்க வைக்கிறது என்றார்.

அப்போது பிரான்ஸ் நாட்டுக்கு ஒரு தொல்லை ஏற்பட்டது. பீப்பாயிலும் புட்டியிலும் வைத்த மது கெட்டது. ஒன்று புளித்தது. ஒன்று கசந்தது. ஒன்று எண்ணெய் போல் குழைந்தது. ஒரு வருட உழைப்பு வீணாயிற்று. வெளிநாட்டு வியாபாரமும் கெட்டது.

1863-ம் ஆண்டு, இதற்குக் காரணம் கண்டுபிடிக்கும்படி சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் பாஸ்டியரைக் கேட்டுக்கொண்டார்.

பாஸ்டியர் எங்கே போனார்? தன் ஊருக்கே போனார். ஆர்புவாவில் பழைய காபிக் கடை ஒன்றின் அறையைப் பிடித்தார். அதுவே ஆராய்ச்சிச் சாலை. ஊர்த் தச்சரும் தகர வேலைக்காரரும் செய்து கொடுத்த சாமான்களே கருவிகள். இளமைக்கால நண்பர்கள் தங்கள் நிலவறைகளைத் திறந்துவிட்டார்கள்.

கெட்ட மதுவில் ஒரு துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஈஸ்ட் அல்லாத வேறு கிருமிகள் தெரிந்தன. புளித்த மதுவில் ஒரு வகை. கசந்த மதுவில் இன்னொரு வகை. மதுவைச் சுவைத்துப் பாராமலே, அதற்கு என்ன நோய் என்று அவரால் சொல்ல முடிந்தது.

மருந்து என்ன? மிக எளியது. காற்றுப் படாமல் 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கினால் போதும். கெடுக்கும் கிருமிகள் ஒழிந்தன. 1865-ல் இந்த முறையை அவர் பதிவு செய்தார். ஆனால் அதைக் கொண்டு பணம் சேர்க்கவில்லை.

சூடாக்கினால் சுவை போய்விடும் என்று சுவை பார்க்கும் நிபுணர்கள் சொன்னார்கள். சூடாக்கியதும் சூடாக்காததும் வேறு வேறாக இருக்கிறது என்றார்கள். பாஸ்டியர் ஒரு வேலை செய்தார். ஒரே மதுவை இரண்டு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். அதிலும் அவர்கள் வித்தியாசம் கண்டார்கள்! நாக்கை விட நினைப்பு பெரியது என்று தெரிந்துபோயிற்று.

பிறகு கப்பற்படை சோதித்தது. 500 லிட்டர் மது. பாதி சூடாக்கியது. பாதி சூடாக்காதது. இரண்டையும் ழான் பார்த் என்ற கப்பலில் ஏற்றினார்கள். பத்து மாதம் கடலில் சுற்றி வந்த பிறகு திறந்து பார்த்தார்கள். சூடாக்கியது அப்படியே இருந்தது. மற்றது கெடத் தொடங்கியிருந்தது.

அடி மேல் அடி

வெளியே புகழ். வீட்டிலோ சோகம். மூத்த மகள் ழான் 1859-ல் ஆர்புவாவிலேயே விஷக் காய்ச்சலில் இறந்தாள். அவளுக்கு வயது 9. 1865-ல் தந்தை மறைந்தார். அதே ஆண்டில் 2 வயதுக் குழந்தை கமீல் இறந்தாள். மறு ஆண்டில் 12 வயது மகள் செசீல் போனாள். ஐந்து குழந்தைகளில் மூவரைப் பறிகொடுத்தார்.

1868-ல் பாஸ்டியரையே பக்கவாதம் தாக்கியது. அப்போது அவருக்கு 45 வயது. இடது பக்கம் செயலற்றது. இனிமேல் ஆராய்ச்சி இல்லை என்று பலரும் நினைத்தார்கள். அவர் எழுந்து மறுபடியும் வேலைக்குப் போனார்.

நண்பரை மறுக்கலாமா?

1878 பிப்ரவரியில் பேரறிஞர் கிளாட் பெர்னார் காலமானார். அவர் பாஸ்டியரின் நண்பர். சில மாதங்கள் கழித்து அவருடைய ஆராய்ச்சிக் குறிப்புகள் அச்சில் வந்தன. கிருமி இல்லாமலே திராட்சைச் சாறு மதுவாகும் என்று அவற்றில் கண்டிருந்தது.

பாஸ்டியர் திகைத்தார். இருபது ஆண்டு உழைப்பு ஆட்டம் கண்டது. எதிர்த்துப் பேசினால் இறந்த நண்பருக்கு அவமரியாதை. பேசாமல் இருந்தால் உண்மைக்குத் துரோகம். என்ன செய்வது? திராட்சையையே சாட்சி சொல்ல வைப்பது என்று முடிவு செய்தார்.

ஆர்புவா பக்கத்தில் அவருக்கு ஒரு சிறு திராட்சைத் தோட்டம் உண்டு. உடனே கண்ணாடி வீடுகளைச் செய்து அங்கே கொண்டுபோனார். அப்போது திராட்சை பச்சைக் காயாக இருந்தது. சில கொடிகளைக் கண்ணாடிக்குள் அடைத்தார். சில குலைகளைக் கிருமி நீக்கிய பஞ்சால் பொதிந்தார். மற்றவற்றை வெட்ட வெளியிலேயே விட்டார்.

அக்டோபர் வந்தது. எல்லாம் பழுத்தன. வெளியே இருந்த பழத்தைப் பிழிந்தார். இரண்டு நாளுக்குள் சாறு பொங்கி நுரைத்தது. கண்ணாடிக்குள் பஞ்சில் பழுத்ததைப் பிழிந்தார். நாட்கள் சென்றன. சாறு சாறாகவே இருந்தது!

அதே மண். அதே கொடி. அதே வெயில். ஆனாலும் மது ஆகவில்லை. கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரன் இல்லாவிட்டால் மண்வாகு மட்டும் போதாது. பழம் பழுக்கும் காலத்தில் ஈஸ்ட் அதன் தோலில் வந்து சேருகிறது. நிலவறையிலும் பீப்பாயிலும் அது ஏராளமாகத் தங்கியிருப்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள்.

அந்தப் பஞ்சுக் குலைகளைத்தான் தாயும் மகளும் ரெயிலில் ஏந்திச் சென்றார்கள். விஞ்ஞானக் கழகத்தில் பாஸ்டியர் அவற்றை எல்லோர் முன்னும் வைத்தார். யாரும் பிழிந்து பார்க்கலாம் என்றார். நண்பரை அவர் பழிக்கவில்லை. உண்மையையும் விடவில்லை.

ஓநாய்க்குப் பதில்

மதுவைக் கெடுக்கும் கிருமி இருக்கிறது என்றால், மனிதனைக் கெடுக்கும் கிருமியும் இருக்க வேண்டும் அல்லவா? அந்த வழியே போய் வெறிநாய்க் கடிக்குத் தடுப்பு முறை கண்டார். 1885 ஜூலையில் ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவன் பிழைத்தான்.

அடுத்து வந்தவன் ஜூபில் என்ற ஆடு மேய்க்கும் பையன். வயது 15. மற்றப் பிள்ளைகளைக் காக்க வெறிநாயோடு மல்லுக்கட்டிக் கடிபட்டவன். அவன் எந்த ஊர் தெரியுமா? ஆர்புவாவுக்கு அருகிலுள்ள ஒரு கிராமம்! ஓநாய் கடித்த அந்தப் பழைய நாளில் சூட்டுக்கோல்தான் இருந்தது. இப்போது ஊசி இருந்தது. பையன் பிழைத்தான்.

1895-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி பாஸ்டியர் காலமானார்.

இன்றும்

1936-ம் ஆண்டு பிரான்ஸ் அரசு ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புத் தரத் தொடங்கியது. அந்த முதல் சில பெயர்களில் ஆர்புவாவும் ஒன்று. அந்த எல்லைக்குள், குறித்த வகைத் திராட்சையை விளைவித்து, குறித்த முறைப்படி செய்தால்தான் ஆர்புவா என்ற பெயரைப் போடலாம். ஆற்றங்கரையில் பாஸ்டியரின் வீடு இன்றும் இருக்கிறது.

மதுவுக்காக அவர் கண்ட சூட்டு முறை இன்று மதுவை விடப் பாலுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. பாஸ்டியர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். நம் நீலகிரியில், குன்னூரில், 1907 முதல் அவர் பெயர் தாங்கிய நிலையம் இருக்கிறது. வெறிநாய்க் கடி மருந்துக்காகத் தொடங்கிய நிலையம் அது.

காலையில் பால் பாக்கெட்டைப் பிரிக்கும்போது, ஒரு காபிக் கடை அறையையும், பஞ்சில் பொதிந்த சில திராட்சைக் குலைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.