துன் வீ.தி. சம்பந்தனும் பத்து வெள்ளிச் சேமிப்பும்

நம் நாடு 1957ஆம் ஆண்டு விடுதலை பெற்றபோது, அதற்காக உழைத்த தலைவர்களுள் துன் வீ.தி. சம்பந்தனும் ஒருவர் என்பதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆயினும் தோட்டத்து மக்களிடையே அவர் பெயர் நிலைத்து நிற்பதற்குக் காரணம் வேறொன்றாகும். மாதம் பத்து வெள்ளி என்னும் ஒரு சிறு தொகையோடு அவர் வாழ்க்கை பிணைந்து கிடக்கிறது. அதனையே இங்குச் சொல்லப் புகுகிறேன்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வீராசாமி தமிழகத்திலிருந்து இந்நாட்டிற்கு வந்து, ரப்பர் பயிரிட்டு, உழைப்பால் உயர்ந்தவர். மகனுக்குத் திருஞானசம்பந்தன் எனப் பெயரிட்டார். கோலகங்சாரிலுள்ள கிளிப்பர்ட் பள்ளியில் பயின்ற சம்பந்தன், பின்னர்ச் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். இந்தியாவில் விடுதலைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த காலம் அது. காந்தியடிகளின் எண்ணங்கள் அவ்விளைஞரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. தாயகம் திரும்பியபின் சுங்கை சிப்புட்டில் அவர் முன்னின்று உருவாக்கிய தமிழ்ப்பள்ளி மகாத்மா காந்தியின் பெயரையே தாங்கியது. 1954ஆம் ஆண்டு அப்பள்ளியைத் திறந்து வைத்தவர் நேருவின் தங்கையாராகிய விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் ஆவார்.

1955ஆம் ஆண்டு மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரானார். 1973 வரை அப்பொறுப்பில் இருந்தார். தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தந்தி எனப் பல துறைகளுக்கு அமைச்சராகப் பணியாற்றினார். பதவிகளைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும்.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். 1950ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல, மலாயாவின் வருங்காலம் எப்படி இருக்குமோ என்றஞ்சித் தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டன. மொத்தமாக வாங்கியவர்களோ அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பலருக்கு விற்று இலாபம் கண்டனர். இதற்குத் தோட்டத் துண்டாடல் என்று பெயர். நம் ஜொகூரும் இதற்கு விலக்காகவில்லை.

துண்டாடலால் என்ன நேரும் என்பதை இக்காலத்துப் பிள்ளைகளாகிய உங்களுக்குச் சற்று விளக்க வேண்டும். ஆயிரம் ஏக்கர்த் தோட்டம் ஒன்றாக இருந்தால், அங்கே லயங்கள் இருக்கும். தோட்டத்து மருத்துவமனை, ஆயாக்கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவை இருக்கும். அதுவே பத்து ஏக்கர், இருபது ஏக்கர் எனப் பிரிந்துவிட்டால், அச்சிறு நிலத்துக்காரருக்கு நிலையான தொழிலாளரே தேவையில்லை. குத்தகைக்கு ஆள் வைத்துப் பால் வெட்டிக்கொள்வார். லயம் அவருக்குச் சுமை. பள்ளியை நடத்தவும் ஆள் இராது. விடியற்காலையில் பிரட்டுக்குச் சென்று, உளியும் வாளியுமாக ஒரே தோட்டத்தில் இரண்டு தலைமுறை உழைத்த குடும்பம், வேலையை இழக்கும் நாளிலேயே வீட்டையும் இழந்தது. பிள்ளைகளின் படிப்பும் அத்தோடு நின்றது. இக்கொடுமையை அரசாங்கமும் கவனித்தது. பேராசிரியர் உங்கு அசீஸ் இதனை ஆராய்ந்து அறிக்கையும் எழுதினார்.

தொழிலாளர் அமைச்சராகவும் இருந்தவராதலால் சம்பந்தன் இதனை நன்கறிவார். தோட்டங்கள் விற்பனைக்கு வருவதைத் தடுக்க இயலாது என்றால், விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளர்களே ஏன் வாங்கக்கூடாது என்று அவர் எண்ணினார். கேட்டவர்கள் நகைத்திருக்கக்கூடும். தோட்டத்தின் விலை இலட்சக்கணக்கில். தொழிலாளியின் நாட்கூலியோ மூன்று வெள்ளி அளவில். சம்பள நாளன்று கைக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி கடைக்காரரின் 555 புத்தகத்துக் கடனுக்கே போய்விடும். எஞ்சியதில் ஒரு பங்கைக் கள்ளுக்கடை விழுங்கும் வீடுகளும் இருந்தன. இதை மறைப்பதில் பயனில்லை.

1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. சம்பந்தனும், அவருக்குத் துணை நின்ற கே.ஆர். சோமசுந்தரமும் தோட்டந்தோறும் சென்றனர். தொழிலாளர்களைக் கூட்டி, ஒவ்வொருவரும் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்குமாறு வேண்டினர். நாட்கூலிகளாக இருப்போர் நிலத்துக்குப் பங்குதாரர்களாகலாம் என்பதைப் பொறுமையோடு விளக்கினர். ஓர் அமைச்சர் செம்மண் பாதையில் வந்து, தோட்டத்து மக்கள் நடுவே நின்று, பத்து வெள்ளிக்குக் கணக்குச் சொன்ன காட்சியை எண்ணிப் பாருங்கள்.

இப்போது நாமும் ஒரு கணக்குப் போடுவோம். மூன்று வெள்ளிக் கூலிக்காரருக்குப் பத்து வெள்ளி என்பது மூன்று நாள் உழைப்பிற்கும் மேலாகும். மொத்தமாக எடுத்து வைப்பது கடினம். ஆனால் அதனை முப்பது நாளுக்குப் பங்கிட்டால், நாளொன்றுக்கு முப்பத்து மூன்று காசும் சில்லறையுமே வரும். இதை மைலோ டின்னில் இட்டுவைக்க வேண்டியவர் யார்? வீட்டிலிருந்த தாயார்தாம். பத்து மாதத்தில் அது நூறு வெள்ளி. நூறு வெள்ளியால் ஒருவர் தோட்டம் வாங்க முடியாது. ஆனால் பத்தாயிரம் பேர் நூறு நூறாகச் சேர்த்தால் பத்து இலட்சம் வெள்ளி ஆகிறது. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இதனைப் பெருக்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அவ்வாறு சேர்ந்த பணத்தைக் கொண்டு, 1960களின் தொடக்கத்தில் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதுவே முதல் தோட்டம். அங்கே லயங்கள் இடிக்கப்படவில்லை. பின்னர் மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் உடைமையாயின; பல்லாயிரம் தொழிலாளர் உறுப்பினராயினர்.

எல்லாத் தோட்டங்களையும் சங்கத்தால் காப்பாற்ற முடிந்ததா எனில், இல்லை. துண்டாடப்பட்டவை மிகப் பல, வாங்கப்பட்டவை சிலவே. பிற்காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். இவற்றையெல்லாம் ஒரு சங்கம் தடுத்து நிறுத்தியிருக்கும் என எதிர்பார்ப்பது முறையன்று.

இங்குப் பெற்றோர்களிடமும் சில சொற்கள் கூற விழைகிறேன். அக்காலத்து லயத்து வீடு ஒற்றை அறை வீடு. தந்தையார் சம்பளத்தை எண்ணுவதும், தாயார் அதைக் கடைக்கு, கோயிலுக்கு, சங்கத்துக்கு எனப் பிரிப்பதும் பிள்ளைகளின் கண் முன்னேதான் நடைபெற்றன. ஆகையால், பணம் என்றால் என்ன, அது எப்படி வருகிறது, எதற்காக நிறுத்தி வைக்கப்படுகிறது என்பதை யாரும் பாடமாக நடத்த வேண்டியிருக்கவில்லை. இன்றோ சம்பளம் வங்கிக்குச் செல்கிறது. கடையில் கைப்பேசியைக் காட்டினால் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. காசு கைமாறுவதையே குழந்தை காண்பதில்லை. ஒரு காசு நாணயமும் 2008 முதல் கடைக்கணக்கிலிருந்து மறைந்துவிட்டது. கழித்தல் கணக்கில் புலியாக விளங்கும் மாணவன், ஐந்து வெள்ளித் தாளைக் கொடுத்து இரண்டு வெள்ளி அறுபது காசுக்குப் பொருள் வாங்கினால் மீதி எவ்வளவு எனத் திகைப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆகவே வாரம் ஒருமுறையேனும் தாளும் நாணயமுமாகக் கொடுத்துப் பிள்ளையைக் கடைக்கு அனுப்புங்கள். மீதியை அவன் எண்ணிச் சொன்ன பிறகே பெற்றுக்கொள்ளுங்கள். மின்கட்டணச் சீட்டு வரும்போது, தொகையை அவளே வாய்விட்டுப் படிக்கட்டும். உண்டியல் வாங்கிக் கொடுப்பது நல்லதே. ஆனால் எதற்காகச் சேர்க்கிறோம் என்று பெயரிடாத உண்டியல் தீபாவளிக்கு முன் உடைந்துவிடும். மிதிவண்டியோ, அகராதியோ, தங்கையின் காலணியோ, ஏதேனும் ஒன்றின் பெயரை அதன்மீது எழுதி ஒட்டுங்கள். பத்து வெள்ளி கொடுத்த தொழிலாளிக்கு அது நிலத்துக்கான பணம் என்பது தெரிந்திருந்தது. அதனாலேயே, பற்றாக்குறை மாதத்திலும் அதனை எடுத்துச் செலவழிக்கக் கை கூசியிருக்கும்.

குழந்தைகளின் முன் கடனைப் பற்றிப் பேசக்கூடாது என்பார் சிலர். நான் அக்கருத்துடையேன் அல்லேன். கடைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை அறிந்த பிள்ளை, வேண்டாத பொம்மைக்கு அழுவதில்லை.

சம்பந்தன் 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், அறுபது வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கையில் காலமானார். அவர் தோற்றுவித்த சங்கம் அவருக்குப் பின்னும் நடைபெற்று வருகிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாலை இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

மாணவர்களே, உங்கள் பாட்டனாரோ பாட்டியாரோ அந்நாளில் தோட்டத்தில் வேலை செய்தவராயின், அவரிடம் இச்சங்கத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பழைய பெட்டியின் அடியில், பிறப்புப் பத்திரத்தோடு ஒரு பங்குச் சீட்டும் மடித்து வைக்கப்பட்டிருக்கலாம்.