கூர்ட் ஹான் என்னும் ஆசான்

எடின்பரோ கோமகன் விருது என்னும் பெயர் நம் நாட்டு இளைஞர்க்குப் புதியதன்று. தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் வாயிலாக அவ்விருதின் வெண்கல, வெள்ளி, தங்கச் சின்னங்களைப் பெற்றோர் இங்கும் உளர். கோமகனையோ யாவரும் அறிவர். 1954 ஏப்ரல் மாதத்தில் எலிசபெத் அரசியாருடன் இலங்கைக்கு வந்து சென்ற பிலிப் இளவரசரே அவர். 2021 இல் தமது தொண்ணூற்றொன்பதாம் வயதில் மறைந்தார். ஆனால் அவ்விருதினைத் தம் சிந்தையிற் கருவாகத் தாங்கிப் பல்லாண்டுகள் வளர்த்து, ஈற்றில் தம் பழைய மாணாக்கராகிய கோமகனின் கையில் ஒப்புவித்தவர் வேறொருவர். கூர்ட் ஹான் என்னும் அவ்வாசானின் வரலாறு நம்மவரிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

1886 ஜூன் 5 இல் பெர்லின் நகரில், செல்வமும் கல்வியும் ஒருங்கே வாய்ந்த யூதக் குடும்பமொன்றில் ஹான் பிறந்தார். பதினாறு வயதில் ஆல்ப்ஸ் தொடரைச் சார்ந்த டொலமைட் மலைகளில் நடைப்பயணம் சென்றபோது, இங்கிலாந்தின் அபட்ஸ்ஹோம் பள்ளி மாணவர் சிலரைச் சந்தித்தார். ஏட்டுப் படிப்போடு உடலுழைப்பையும் கைத்தொழிலையும் இணைத்துக் கற்பித்த புதுவகைப் பள்ளி அது. அப்பள்ளியைப் பற்றி ஹெர்மன் லீட்ஸ் எழுதிய நூலொன்று அவர்கள் வாயிலாக அவர் கைக்குக் கிட்டியது. அன்று தொட்டுப் பள்ளிக்கூடம் என்னும் எண்ணம் அவரை விட்டு அகலவில்லை.

1904 இல் அவருக்கு நேர்ந்த கடும் வெப்பத்தாக்கு வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. வெயில் அவருக்குப் பகையாயிற்று. வெளியே செல்லுங்கால் அகன்ற தொப்பி இன்றியமையாததாயிற்று. சில காலம் இருளறையிலேயே கிடக்கவும் நேர்ந்தது. பிற்காலத்தில் பல்லாயிரம் இளைஞரை மலைக்கும் கடலுக்கும் அனுப்பியவர் வெயிலில் நடமாட அஞ்சிய ஒரு நோயாளி என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது. அந்த இருளறையிலேதான் பிளேட்டோவின் சிந்தனைகளைத் துணைகொண்டு தம் கற்பனைப் பள்ளியை அவர் அமைத்துப் பார்த்தார். ஒக்ஸ்போர்டில் பயின்ற காலத்தில், கோடை விடுமுறைகளை ஸ்கொத்லாந்தின் வடபால் மொரே என்னும் குளிர்ந்த கடற்கரைப் பிரதேசத்திற் கழிப்பது அவர் வழக்கம். அவ்வூருக்கு அகதியாக மீளவும் வர நேரும் என்று அவர் அப்போது எண்ணியிருக்க நியாயமில்லை.

1914 இல் மகா யுத்தம் மூண்டதும் ஜெர்மனிக்குத் திரும்பி, வெளிநாட்டமைச்சில் ஆங்கிலப் பத்திரிகைகளைப் படித்து விளக்கமளிக்கும் பணியில் அமர்ந்தார். நீர்மூழ்கிக் கப்பல்களைக் கொண்டு வரம்பின்றிப் போர் புரிவதை எதிர்த்தோரில் அவரும் ஒருவர். பேரரசின் கடைசிப் பிரதமராக 1918 ஒக்டோபரில் பதவியேற்ற பாடன் நாட்டு இளவரசர் மாக்ஸ் அவருடைய யோசனைகளை மதித்துக் கேட்டார். அந்தப் பிரதமர் பதவி ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாகவே நிலைத்தது. பேரரசர் வீழ்ந்தார், தேசம் தோற்றது. தோற்ற தேசத்தைச் சட்டங்களால் மட்டும் தூக்கி நிறுத்த இயலாது, புதிய மனிதரைப் பயிற்றுவித்தே ஆதல் வேண்டும் என்னும் கருத்தில் இளவரசரும் ஹானும் ஒன்றுபட்டனர். 1920 இல் கொன்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகில், பழைய துறவி மடமொன்றாயிருந்த இளவரசரின் மாளிகையில் சாலெம் பள்ளி தோன்றியது. நம் பாட்டன்மார் பலர் கப்பலேறி வந்த சேலம் ஜில்லாவுக்கும் அதற்கும் தொடர்பு யாதுமில்லை. பெயரொற்றுமை கேட்கும் காதுக்கு இனிமையாயிருக்கிறது, அவ்வளவே.

சாலெமில் ஹான் கையாண்ட முறை எளிது. ஒவ்வொரு மாணவனிடத்தும் நாள்தோறும் செய்ய வேண்டியனவற்றைக் குறித்த ஓர் அட்டவணை இருக்கும். ஓடினானா, குளித்தானா, குறித்த வேலையை முடித்தானா என்பனவற்றை அவனே பதிந்துகொள்ளல் வேண்டும். பொய் எழுதினால் அவனையன்றி வேறெவரும் அறியார். பிரம்பையும் பரீட்சையையுமே துணைகொண்ட அக்காலத்துப் பள்ளிகளுக்கு இஃது அபாயகரமான விளையாட்டாகத் தோன்றியிருக்கும். தம்மை நம்பும் மனிதனை ஏமாற்றக் கூசும் இயல்பு பிள்ளைகளுக்கு உண்டு என்பதையே ஹான் முதலாகக் கொண்டு வியாபாரம் செய்தார் எனலாம்.

அவருடைய வாழ்க்கையின் பெருஞ்சோதனை 1932 இல் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் சைலீசியாவின் பொட்டெம்பா என்னும் சிற்றூரில், ஹிட்லரின் படையைச் சார்ந்தவர்கள் ஒரு பொதுவுடைமைத் தொழிலாளியை அவனுடைய தாயின் கண்ணெதிரிலேயே அடித்து மிதித்துக் கொன்றனர். நீதிமன்றம் ஐவருக்கு மரணதண்டனை விதித்தது. ஹிட்லரோ அக்கொலையாளிகளுக்குத் தமது தோழமையைத் தெரிவித்துப் பகிரங்கமாகத் தந்தியனுப்பினார். ஹான் தம் தேசத்தின்மீது அளவிறந்த பற்றுடையவர். வெர்சேல்ஸ் உடன்படிக்கையை அநீதி என்று கருதியவர். ஹிட்லரின் இயக்கத்தில் சேர்ந்த பழைய மாணவர்கள் அவர் பள்ளியிலும் இருந்தனர். மௌனமாயிருப்பின் பள்ளி பிழைத்திருக்கும். அவர் மௌனமாயிருக்கவில்லை. அந்த இயக்கத்தில் ஈடுபட்ட பழைய மாணவர் அனைவரும் ஹிட்லருடன் உறவை முறித்தல் வேண்டும், அன்றேல் சாலெமுடன் உறவை முறித்தல் வேண்டும் என்று சுற்றுக்கடிதம் விடுத்தார்.

ஹிட்லர் பதவிக்கு வந்த சின்னாட்களில், 1933 மார்ச்சில், ஹான் சிறைப்பட்டார். பிரித்தானியப் பிரதமர் ராம்சே மக்டொனால்ட் உள்ளிட்ட நண்பர்கள் தலையிட்டதால் விடுதலை கிடைத்தது. ஆயினும் பாடன் பிரதேசத்தில் கால்வைக்க அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு நடுப்பகுதியிலேயே அவர் இங்கிலாந்து சேர்ந்தார். நாற்பத்தேழு வயது, தாம் கட்டிய பள்ளி பிறர் கையில், பிறந்த தேசத்திலோ யூதர் என்னும் காரணமே அவரைத் துரத்தப் போதுமாயிருந்தது.

1934 இல் அவர் இளமையில் நோய் தீர்த்துக்கொண்ட அதே மொரே பிரதேசத்தில் கோர்டன்ஸ்டன் பள்ளி ஆரம்பமாயிற்று. முதல் மாணவர் ஒரு சிலரே. சாலெமில் சிறிது காலம் பயின்றுவிட்டு வந்த கிரேக்க இளவரசர் பிலிப் அவர்களுள் ஒருவர். நாடிழந்த குடும்பத்துப் பிள்ளை. நாடிழந்த ஆசானும் நாடிழந்த மாணாக்கனும் அக்கடற்கரையிற் சேர்ந்தது தற்செயலே எனினும் பின்விளைவுகள் பெரியன. மாணவர்கள் பாய்மரப் படகோட்டினர்; கரைக்காவற் குடிசையில் முறைவைத்து விழித்திருந்து கப்பல்களுக்கு ஆபத்து நேர்கிறதா எனக் கண்காணித்தனர். அதிகாலை ஓட்டமும் குளிர்ந்த நீராட்டும் அப்பள்ளியின் அடையாளங்களாயின. இம்முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்திற்று என்று சொல்வதற்கில்லை. ஹான் பதவியினின்று விலகிப் பல்லாண்டுகளின் பின் அங்கு பயின்ற கோமகனின் மூத்த புதல்வர், இன்றைய மன்னர் சார்ள்ஸ், அந்நாட்களை மகிழ்ச்சியற்றனவாகவே கண்டார் என்பது உலகறிந்த செய்தி. தந்தைக்கு அமுதமாயிருந்தது மைந்தருக்குக் கசந்தது. மனித இயல்புகளின் வேற்றுமையை ஹான் போதிய அளவு எண்ணிப் பார்த்தாரா என்று ஐயுறுவோர் இன்றும் உளர்; அவ்வையம் நியாயமானதே.

கோர்டன்ஸ்டன் கட்டணம் செலுத்தக்கூடியோரின் பள்ளி. அது ஹானை உறுத்தியது. பள்ளி மதிலுக்கு வெளியே வாழ்ந்த மீனவர் பிள்ளைகளுக்கும் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் இப்பயிற்சி எவ்வாறு கிட்டும்? இக்கேள்வியின் விடையாக 1936 இல் மொரே சின்னம் தோன்றியது. ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகியவற்றில் குறித்த அளவை எட்டிக் கடலிலோ தரையிலோ ஒரு பயணத்தை நிறைவேற்றும் அயற்புறச் சிறுவன் எவனும் அச்சின்னத்தை அணியலாம். பிறனை வென்று பெறும் பரிசன்று அது. ஒருவன் பெறுவதால் இன்னொருவன் இழப்பதில்லை. நேற்றைய தன்னையே இன்று வெல்லல் வேண்டும். யுத்த காலத்தில் இத்திட்டம் விரிவுபெற்று மாவட்டச் சின்னம் எனப்பட்டது. அயலார்க்குத் தொண்டு செய்வதும் அதில் இடம்பெற்றது.

1941 இல் கப்பற் கம்பெனி முதலாளி லோரன்ஸ் ஹோல்ட் ஒரு துயரச் செய்தியுடன் அவரோடு கைகோத்தார். எதிரியின் குண்டுக்கு இரையான கப்பல்களிலிருந்து உயிர்காப்புப் படகுகளில் தப்பியோருள், வலிமை மிக்க இளைஞர் மாள, வயது முதிர்ந்த மாலுமிகள் பிழைத்திருந்தனர். குறைவு உடலில் அன்று, உள்ளத்தில் என்று இருவரும் முடிவுகட்டினர். வேல்ஸ் நாட்டு அபர்டோவியில் ஏறத்தாழ ஒரு மாதப் பயிற்சியாக அவுட்வேர்ட் பவுண்ட் பிறந்தது. இன்று பல கண்டங்களில் அப்பெயரில் நிலையங்கள் இயங்குகின்றன.

நோயின் காரணமாக 1953 இல் ஹான் பள்ளித் தலைமையினின்று விலகினார். மறுவருடம் தம் பழைய மாணாக்கரை நாடிச் சென்று, நாடு முழுமைக்கும் ஒரு விருதுத் திட்டத்தைத் தொடங்குமாறு கேட்டார். கேட்டார் என்பதிலும் பணித்தார் என்பதே பொருந்தும் போலும். அரசியாரின் கணவர் ஆயினும் ஆசானுக்கு அவர் மாணவரே. கோமகன் உடனே தலையசைக்கவில்லை. காரியத்தை ஆராய்ந்தே ஏற்றார். 1956 இல் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1953 இல் எவரெஸ்ட் சிகரத்தை வென்ற குழுவின் தலைவர் சேர் ஜோன் ஹன்ட் அதனை நடத்தும் பொறுப்பை ஏற்றார். தொடக்கத்தில் ஆண்பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. 1958 இல் பெண்பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. இன்று நூற்றுமுப்பதுக்கு மேற்பட்ட நாடுகளில், 14 வயது முதல் 24 வயது வரையுள்ளோர் இதில் ஈடுபடுகின்றனர். தொண்டு, திறன், உடற்பயிற்சி, துணிகரப் பயணம் என்பன நான்கு அங்கங்கள். தங்க விருதுக்கு ஐந்து நாள் பிறருடன் உறைந்து பணியாற்றுவதும் சேரும். வெண்கலத்துக்குக் குறைந்தது ஆறு மாதமும், நேரே தங்கத்தில் இறங்குவோர்க்குக் குறைந்தது பதினெட்டு மாதமும் இடைவிடாத முயற்சி வேண்டும்.

இத்திட்டத்தை நமுனுகுல மலைச்சாரலில் நின்று நோக்குங்கால் ஒரு வினா எழுகின்றது. இக்காலத்து இளைஞரிடம் உடல்வலிமை, சுயமுயற்சி, செய்யும் வேலையில் கவனம், பிறர்பால் இரக்கம் ஆகியன தேய்ந்து வருகின்றன என்பது ஹானின் கவலை. இவற்றுள் இரக்கத்தின் தேய்வையே அவர் மிகக் கொடிதாக எண்ணினார். சுகவாழ்வின் நோய்க்குக் கண்ட மருந்து அது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்திலிருந்து பள்ளிக்குச் செங்குத்தான பாதையில் ஏறியிறங்கும் பிள்ளைக்கு நடைப்பயணம் எதற்கு? பெற்றோர் கொழுந்து பறிக்கச் சென்றபின் தம்பி தங்கையரைப் பேணும் சிறுமிக்குத் தொண்டு என்பதைக் கற்பிக்க எவர் வல்லார்?

வினா நேர்மையானதே. ஆயினும் கட்டாயத்தால் சுமக்கும் பாரமும் விரும்பித் தோளேற்கும் பாரமும் ஒன்றல்ல. நம் முன்னோர் மலையேறியது தம் விருப்பால் அன்று. செக்ரோலில் ஒரு பெயராகவும், தராசில் இத்தனை கொழுந்தாகவும் கணக்கிடப்பட்டவர்கள் அவர்கள்; 1948 இன் சட்டத்தின் பின் அவர்களிற் பெரும்பாலோர் குடியுரிமைப் பதிவிலும் இல்லாது போயினர். அவர்தம் பேரப்பிள்ளை தானே தெரிந்துகொண்ட திறனையும், தானே செய்த தொண்டையும், தன் கையால் ஒரு பதிவேட்டில் எழுதி அதற்கு ஒருவரின் சான்றொப்பம் பெறுவது சிறிய காரியமா? உதவி பெறுவோர் என்றே உலகம் காட்டிவந்த சமூகத்திலிருந்து உதவி அளிப்போன் ஒருவன் எழுந்து நிற்கிறான். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை ஊவா மக்கள் மறக்கவில்லை. அத்தகைய வேளைகளில் பட்டாளமும் வாகனங்களும் வந்துசேருமுன் மண்ணைத் தோண்டுவோர் அயல் லயத்தாரே. முதலுதவியும் மீட்புப் பயிற்சியும் இம்மலைகளில் அலங்காரப் பாடங்கள் அல்ல.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். கூடாரமும் சப்பாத்தும் பயணச் செலவும் பெற்றோரின் நாட்சம்பளத்தின் தலையில் விழுமாயின், நகரத்துப் பெரிய பள்ளிகளின் பரிசளிப்பு விழாக்களுக்கே இவ்விருது அணியாகும். கட்டணப் பள்ளியின் மதிலைத் தாண்டும் பொருட்டன்றோ ஹான் முதற் சின்னத்தை வகுத்தார்! பயணத்துக்கு ஆல்ப்ஸ் வேண்டியதில்லை. நமுனுகுல மலை போதும். வழிகாட்டப் பயிற்சிபெற்ற ஆசிரியர் ஒருவரும், கடன்கொடுக்கச் சில கூடாரங்களும் தோட்டப் பாடசாலைகள்தோறும் இருத்தல் வேண்டும்.

ஹானின் கடைசிப் பெருமுயற்சி 1962 இல் வேல்ஸ் கடற்கரையில் பழங்கோட்டை ஒன்றிற் திறக்கப்பட்ட அத்திலாந்திக் கல்லூரி. போரிட்ட நாடுகளின் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கிப் பயிலவும், கடலில் தத்தளிப்போரைச் சேர்ந்து மீட்கவும் அஃது இடமளித்தது. ஐக்கிய உலகக் கல்லூரிகள் பலவும் அவ்வேரினின்று கிளைத்தவை.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1938 இல் பிரித்தானியப் பிரஜையானார். பின்னர் ஆங்கிலத் திருச்சபையைத் தழுவினார். ஆயினும் யுத்தம் ஓய்ந்ததும் அடிக்கடி ஜெர்மனி சென்று, பாழ்பட்டுக் கிடந்த கல்வியைச் சீர்செய்ய உழைத்தார். முதுமையில் தமக்குத் தடைவிதிக்கப்பட்ட அதே பிரதேசத்தில், தம் முதற் பள்ளியின் அருகே குடியமர்ந்தார். 1974 டிசம்பர் 14 இல் தமது எண்பத்தெட்டாம் வயதில் அங்கேயே காலமானார். அவர் உடல் சாலெமில் அடக்கம் செய்யப்பட்டது.